ஒரே திரை, நான்கு கொடி

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் முதல் நாள். பட்டாசு வெடிக்க வேண்டிய சிங்கப்பூரில் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்தது. சமாதானம் பேச வந்த பிரிட்டிஷ் தூதுக் குழுவிடம் ஜப்பானியர் ஓர் அடையாளம் கேட்டார்கள். நகரிலேயே உயரமான கட்டடத்தின் உச்சியில் ஜப்பானியக் கொடியைக் கொஞ்ச நேரம் பறக்கவிட வேண்டும். அது தெரிந்தால் பிரிட்டிஷார் சரணடைய வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த உயரமான கட்டடத்தின் பெயர் கேத்தே. அதன் முகப்பில் இருந்தது ஒரு சினிமாக் கொட்டகை.

ஒரு சாம்ராஜ்யம் தன் தோல்வியை அறிவிக்கப் படக்கொட்டகையின் மாடியில் ஏற வேண்டி வந்தது.

இன்று தேக்கா சந்தையிலிருந்து புறப்பட்டால், மெக்கன்சி ரோட்டில் பழைய ரெக்ஸ் தியேட்டரைத் தாண்டி, சிலிகி ரோடு வழியாகக் கால் மணி நேர நடையில் கேத்தேயை அடையலாம். பழைய கட்டடத்தில் மிஞ்சியிருப்பது அதன் முகப்பு மட்டும்தான். 2003இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டு, பின்னால் இருந்ததை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அந்த முகப்பின் கீழே நின்று காப்பி குடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு, ஆறே ஆண்டுகளில் அந்த ஒரே திரை எத்தனை எசமானர்களுக்கு வேலை செய்தது என்பது தெரிய வாய்ப்பில்லை.

போர் நடந்த நாடுகளில் சினிமாக் கொட்டகை மறுபடி திறக்கும்போதெல்லாம் பத்திரிகைகள் ஒரே மாதிரி எழுதுகின்றன. தூசி தட்டப்பட்ட பழைய புரொஜெக்டர், கண்ணீரோடு கிழட்டு ஆபரேட்டர், வரிசையில் நிற்கும் குழந்தைகள், இயல்பு வாழ்க்கை திரும்புகிறது என்று ஒரு தலைப்பு. அதில் பொய் இல்லை. ஆனால் சிங்கப்பூரின் கதை அந்தத் தலைப்புக்குள் அடங்காது. இங்கே போருக்குப் பின் கொட்டகையை முதலில் திறந்தவர்கள் ஊரைப் பிடித்தவர்கள்தான்.

கேத்தே தியேட்டர் திறக்கப்பட்டது 1939 அக்டோபர் 3 அன்று. ஐரோப்பாவில் போர் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஈய வணிகத்திலும் ரப்பரிலும் பெரும் பணம் சேர்த்த லோக் இயூவின் மனைவி லிம் செங் கிம்மும், மகன் லோக் வான் தோவும் கட்டிய கொட்டகை அது. மகனுக்கு அப்போது வயது 24. வடிவமைத்தவர் பிராங்க் புரூவர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். பின்னால் எழுந்த பதினாறு மாடிக் கோபுரம் தென்கிழக்கு ஆசியாவிலேயே உயரமானது என்று பேசப்பட்டது. உள்ளே குளிர்சாதன வசதி, கைப்பிடி வைத்த 1,300 நாற்காலிகள். பிசுபிசுக்கும் சிங்கப்பூர் வெயிலில் பலர் படத்துக்காக வந்தார்களா குளிருக்காக வந்தார்களா என்று கேட்டால் சொல்வது கடினம். முதல் படம் சோல்டான் கோர்டா இயக்கிய ‘தி ஃபோர் ஃபெதர்ஸ்’. சூடான் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையின் வீரதீரம். அடுத்த இரண்டரை ஆண்டில் நடக்கப்போவதை நினைத்தால் அதைவிடப் பொருத்தமில்லாத படத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அன்றைய ஆபரேட்டர் அறைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும். பெரிய கொட்டகைகளில் ஒரே மாதிரி இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அடுப்பு மாதிரி ஒரு விளக்குப் பெட்டி. உள்ளே பல்ப் கிடையாது. எதிரெதிரே இரண்டு கார்பன் குச்சிகள். அவற்றின் நுனிகளைத் தொடவிட்டுச் சற்றே பிரித்தால் இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து கண் கூசும் வெள்ளை ஒளி எழும்பும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடித் துண்டு வழியே பார்த்துக்கொண்டே அதைச் சரிசெய்ய வேண்டும். அசந்தால் திரை மஞ்சளாகும், பிறகு இருட்டாகும், பிறகு கீழேயிருந்து விசில் வரும்.

பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஓடும் என்று சொன்னாலும் உண்மையில் அது நின்று நின்றுதான் போகிறது. நொடிக்கு 24 முறை நின்று, ஒளி பட்டதும் மறுபடி நகரும். சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பழைய புரொஜெக்டரிலிருந்து வரும் டகடகச் சத்தம் அதனுடையதுதான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் பக்கத்து யந்திரத்தில் அடுத்த ரீலை மாட்டித் தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னியதும் இரண்டாவது மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அந்தக் கணம் ஒளியை இங்கே மூடி அங்கே திறக்க வேண்டும். நல்ல ஆபரேட்டர் மாற்றினால் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். எரிவதற்கான ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கும் சரக்கு அது. அதனால்தான் ஆபரேட்டர் அறை ஜன்னல்களுக்கு இரும்புத் தட்டிகள். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது பிசுபிசுத்து, நாற்றமெடுத்து, கடைசியில் பொடியாக உதிர்ந்துவிடும். சிங்கப்பூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

கார்பன் குச்சி கப்பலில் வர வேண்டும். உதிரி பாகமும் லென்ஸும் கப்பலில் வர வேண்டும். தமிழ்ப் படப்பெட்டி சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போடத் தொடங்கியதும் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின.

முற்றுகை நாட்களில் கேத்தே வானொலி நிலையமாகவும், காயம்பட்டோருக்கான செஞ்சிலுவை முகாமாகவும், குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கும் இடமாகவும் மாறியது. அதன் முதலாளி லோக் வான் தோ கப்பலேறித் தப்பினார். வழியில் அந்தக் கப்பல் மீது குண்டு விழுந்து அவர் கடுமையாகத் தீப்புண் பட்டார். பார்வைகூடச் சில காலம் போயிருந்தது. பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தவர், அங்கே பறவையியலாளர் சாலிம் அலியோடு சேர்ந்து பறவை பார்க்கக் கற்றுக்கொண்டார். தென்கிழக்கு ஆசியாவின் பெரிய சினிமா முதலாளிகளில் ஒருவர் நாடிழந்த நாட்களை இந்தியக் காடுகளில் பறவைகளுக்குப் பின்னால் கழித்தார் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. காசுக்குப் பதிலாக வாழைமரம் அச்சடித்த நோட்டு. கேத்தே ‘டாய் தோவா கெக்கிஜோ’ ஆனது, அதாவது மகா கிழக்காசியத் திரையரங்கு. மேல்மாடிகளில் ஜப்பானியப் பிரச்சாரத் துறையும் வானொலியும் குடியேறின. பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் இயூ இளைஞராக அங்கே வேலை பார்த்திருக்கிறார். நேச நாடுகளின் செய்திகளில் விட்டுப்போன சொற்களை ஊகித்து நிரப்பும் வேலை. அதே லீ, ஆக்கிரமிப்பின் தொடக்கத்தில் கேத்தே வாசலில் கூட்டம் கூடியிருந்ததைக் கண்டு எட்டிப் பார்த்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அங்கே ஒரு கம்பத்தில் செருகிய பலகை மேல் வெட்டப்பட்ட மனிதத் தலை ஒன்று இருந்தது. உள்ளே சினிமா, வெளியே இது. டிக்கெட் எடுக்க வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜப்பானியர் கொட்டகைகளை அக்கறையோடு திறந்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். மூடிக் கிடக்கும் கொட்டகை பயத்தைச் சொல்லும். விளக்கு எரியும் கொட்டகை ஆட்சி நடக்கிறது என்று சொல்லும். முதலில் கையிலிருந்த அமெரிக்கப் படங்களையே ஓட்டினார்கள், வேறு சரக்கு போதுமான அளவு இல்லாததால். மெல்ல மெல்ல அவற்றை ஒதுக்கி, செய்திப் படங்களையும் மலாயாவைத் தாங்கள் வென்ற கதைகளையும் கொண்டுவந்தார்கள். ‘மராய் நோ தோரா’, அதாவது மலாயாவின் புலி, 1943இல் வந்த அப்படியொரு படம். விநியோகம் முழுக்க அரசின் பிடியில் இருந்த ஒரே நிறுவனத்திடம். எந்த ரீல் எந்த யந்திரத்தில் ஏறும் என்பதை ராணுவம் முடிவு செய்தது.

இந்தியப் படங்களுக்கு மட்டும் தப்பிக்க வழி இருந்தது. இந்தியர்களைத் தம் பக்கம் இழுக்க நினைத்த ஜப்பானியருக்கு அவை எதிரியின் படங்களாகப் படவில்லை. ஆனால் புதிதாக ஒரு பெட்டிகூட வர வழியில்லையே! போருக்கு முன் வந்து சேர்ந்த பிரதிகள் மறுபடி மறுபடி ஓடித் தேய்ந்தன. கீறல் விழுந்த பிலிமில் திரை முழுக்கக் கோடு கோடாக இறங்குவதைத் தமிழ் ரசிகர்கள் ‘மழை பெய்யுது’ என்பார்கள். சியோனானில் பகல் காட்சியிலும் மழைதான். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்ட ஒட்ட, பாட்டில் ஒரு அடி காணாமல் போகும், வசனத்தில் ஒரு சொல் விழுந்துவிடும்.

அந்த ஆண்டுகளில் தமிழர்களுக்குச் சினிமாக் கொட்டகை ஆறுதலாக மட்டும் இருக்கவில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்த கதைகளில், மலாயாவில் உயிர் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. இலவசப் படம் என்று தமுக்கடிப்பார்கள். கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருந்த ஆண்கள் படம் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. லாரியில் ஏறி ரயிலுக்குப் போனார்கள். அந்தப் பாதை வேலையில் மாண்ட மலாயாத் தொழிலாளர்களில் தோட்டத் தமிழர்கள்தான் மிகப் பெரும்பான்மை. வீட்டில் யாரோ ஒரு தாத்தா கடைசி வரை தியேட்டர் பக்கமே போகாமல் இருந்திருந்தால், காரணம் பக்தியாக இருக்க வேண்டியதில்லை.

1943 நடுவில் கேத்தேக்கு ஒரு விசித்திரமான விருந்தாளி வந்தார். பெயர் யாசுஜிரோ ஓசு. உலக சினிமாவின் மேதைகளுள் ஒருவர் என்று இன்று போற்றப்படுபவர். அப்போது ராணுவம் அனுப்பிய இயக்குநர். சுபாஷ் சந்திர போஸையும் இந்திய தேசிய ராணுவத்தையும் வைத்து ‘டெல்லியை நோக்கி’ என்ற பொருளில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கொஞ்சம் படம் பிடிக்கவும் செய்தார்கள். ஆனால் போரின் போக்கு மாறிக்கொண்டே வந்தது, படம் நகரவில்லை. வேலையில்லாத மேதை கேத்தேயில் பறிமுதல் செய்து வைத்திருந்த அமெரிக்கப் படங்களைக் கண்டுபிடித்தார். புரொஜெக்டர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிறோம் என்ற சாக்கில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். ‘சிட்டிசன் கேன்’, ‘கான் வித் தி விண்ட்’, டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ என்று நூற்றுக்கும் மேல். ஊரார் யாரும் பார்க்கக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட படங்களை, ஒதுக்கியவர்களின் ஆளே உட்கார்ந்து பார்த்துத் தீர்த்தார். ‘ஃபேண்டேசியா’வைப் பார்த்துவிட்டு, இப்படிப் படம் எடுக்கிறவர்களோடு மோதிவிட்டோமே என்று அவர் திகைத்ததாகவும் சொல்வதுண்டு. ஜப்பான் தோற்றதும் எடுத்த படச்சுருளையும் கதையையும் எரித்துவிட்டார்.

போஸ் மட்டும் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1943 ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில்தான் ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21 அன்று அதே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் வீரப் படத்தோடு திறந்த மேடையில், பிரிட்டனை விரட்டப் பிறந்த அரசின் அமைச்சரவை நின்றது. மகளிர் துறைக்குப் பொறுப்பேற்றவர், சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி. பிரச்சாரத்துக்குப் பொறுப்பேற்றவர் பத்திரிகையாளர் எஸ்.ஏ. ஐயர். வேஷ்டியும் காக்கியும் சேலையும் கலந்த கூட்டம். நான்கு ஆண்டுக்கு முன் அந்த நாற்காலிகளில் உட்காரக் காசில்லாத தமிழர்களில் எத்தனையோ பேர் அந்த நாட்களில்தான் முதன்முறையாக அந்த அரங்கின் படியேறியிருப்பார்கள்.

கடலுக்கு அந்தக் கரையில் என்ன நடந்தது? 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பீதியில் சென்னையே காலியானது, ஸ்டூடியோக்கள் ஓய்ந்தன. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. மூன்றரை மணி நேரம் ஓடிய தமிழ்ப் படம் ஒரே உத்தரவில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. பாட்டுகளைக் குறைக்க எந்த விமர்சகராலும் முடியவில்லை, அதை பிலிம் பஞ்சம் செய்துகாட்டியது. அரசு யுத்த ஆதரவுப் படங்களையும் எதிர்பார்த்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்த ‘பர்மா ராணி’ 1945இல் வந்தது. அதில் வில்லன்கள் ஜப்பானியர். கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’ இன்னொன்று. கேத்தேயில் ஜப்பானியர் வீரர்கள். சென்னையில் ஜப்பானியர் வில்லன்கள். இரண்டு கொட்டகையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் தமிழர்கள். அண்ணன் தம்பிகளாகக்கூட இருந்திருக்கலாம். கடிதப் போக்குவரத்து நின்றுபோன அந்த ஆண்டுகளில் ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். 12ஆம் தேதி நகராட்சி மண்டபத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தார்கள். அந்த மாதமே கேத்தேயில் ஆங்கிலப் படம் ஓடத் தொடங்கிவிட்டது. மேல்மாடிகளில் இப்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம். வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறுங் காகிதமானது, அரிசிக்கு ரேஷன், மரவள்ளிக்கிழங்கு இன்னும் தட்டை விட்டுப் போகவில்லை. இருந்தும் கொட்டகை திறந்தது. போன ஆட்சி முதலில் செய்ததையே இந்த ஆட்சியும் முதலில் செய்தது.

கொட்டகைகளை ஓட்டப் பணம்? கேத்தேயின் போட்டியாளர்களான ஷா சகோதரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜப்பானியர் வருமுன் தங்கமும் நகையும் ரொக்கமுமாகத் தோட்டத்தில் புதைத்து வைத்ததாகவும், போர் முடிந்ததும் தோண்டி எடுத்துத் தொழிலைத் தொடங்கியதாகவும் ரன் ரன் ஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் நிறுவனம் 1946இல் கேப்பிட்டல் தியேட்டரை வாங்கியது. அதே ஆண்டு தேக்காவுக்குப் பக்கத்தில், மெக்கன்சி ரோட்டில் ரெக்ஸ் திறந்தது.

ரெக்ஸின் முதல் படம் ‘ஜங்கிள் புக்’. இயக்கியவர் அதே சோல்டான் கோர்டா. 1939இல் கேத்தே ஒரு கோர்டா படத்தோடு திறந்து போருக்குள் போனது. 1946இல் ரெக்ஸ் இன்னொரு கோர்டா படத்தோடு போரிலிருந்து வெளியே வந்தது. இந்த முறை திரையில் மோக்ளியாக வந்தவர் சாபு. மைசூர்ச் சமஸ்தானத்து யானைப் பாகனின் மகன். படம் முடிந்தபின் அமெரிக்க விமானப் படையில் சேர்ந்து, குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக ஜப்பானியருக்கு எதிராகவே பறந்தவர். சிராங்கூன் சாலைப் பையன்கள் தங்கள் நிறத்தில் ஒரு கதாநாயகனை அந்தப் பெரிய திரையில் பார்த்தார்கள்.

கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் தமிழ்ப் பெட்டிகளும் வரலாயின. நான்கு ஆண்டுகளில் சென்னையில் வந்தது எதுவும் இங்கே எட்டவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ‘கண்ணகி’, ‘சிவகவி’, ‘ஜகதலப்பிரதாபன்’, மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’, எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’ என எல்லாமே சிங்கப்பூர்த் தமிழருக்கு விட்டுப்போன படங்கள். கடைசியாக ராஜாவைப் போலப் பார்த்த எம்.கே. தியாகராஜ பாகவதர் அப்போது கொலை வழக்கில் சிறையில் இருந்தார். போர்க்காலத்தில் வெளியூர் போய்த் திரும்பியவனுக்கு வீட்டு விஷயங்களைச் சொல்வதுபோல, அந்தப் படங்கள் தாமதமாக வந்து செய்தி சொல்லியிருக்கும்.

உள்ளூர்ப் படங்களும் உடனே தொடங்கின. 1934இல் ‘லைலா மஜ்னு’ எடுத்து மலாய் சினிமாவைத் தொடங்கி வைத்த இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், போர் முடிந்த கையோடு ‘செருவான் மெர்டேக்கா’ எடுத்தார். விடுதலையின் அழைப்பு என்று பொருள். கதை ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களைப் பற்றியது. இந்தக் கொட்டகைகளில் யாருடைய கதை ஓடும் என்பதை இந்த முறையாவது இங்கே வாழ்கிறவர்கள் சொல்லலாம் என்ற ஆசை அதில் இருந்தது. ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவும் 1947 முதல் ஓடத் தொடங்கி, எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்ற தமிழர்கள் மலாய்ப் படங்களை இயக்கும் விந்தையான பொற்காலம் பிறந்தது. அரசு தன் பங்குக்கு மலாயன் பிலிம் யூனிட்டை 1946இல் தொடங்கியது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் அதன் வேன்கள் தோட்டம் தோட்டமாகப் போய் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டின. புரொஜெக்டர் சிறிதானதே தவிர அதற்கு அரசு கொடுத்த வேலை பழையதுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மற்ற நாட்டுச் செய்திகளைப் படித்தால் வேறு விவரங்கள் கண்ணில் படும். 2001 நவம்பரில் தாலிபான் ஓடியதும் காபூலின் பக்தர் சினிமா திறந்தது. ‘உருஜ்’ என்ற பழைய ஆப்கன் படத்துக்கு வந்த கூட்டம் கதவை நெருக்கித் தள்ளியது. வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஆப்கன் பிலிம்ஸ் ஊழியர்கள் சிலர் அதற்கு முன்பே படச்சுருள்களை ஒரு பொய்ச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். உள்நாட்டுப் போரில் இடிந்த ஆரியானா தியேட்டர், பிரெஞ்சுத் திரைக் கலைஞர்களின் உதவியோடு 2004இல் எழுந்தது. 2021இல் தாலிபான் திரும்பி வந்ததும் கொட்டகைகள் மூடின. அதே 2021 செப்டம்பரில் சோமாலியாவின் மொகதிஷு தேசிய அரங்கில் முப்பது ஆண்டுக்குப் பிறகு படம் காட்டினார்கள். டிக்கெட் பத்து டாலர், அந்த ஊர்க் கணக்கில் பெரிய தொகை. வாசலில் பலத்த சோதனை. ஆனால் ஓடியவை சோமாலிய இளைஞர் எடுத்த இரண்டு குறும்படங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோட்டைக்கு அருகே இருந்த ரீகல் தியேட்டர் உள்நாட்டுப் போரில் சிதைந்தது. 1990இல் தீபகற்பத்தின் மின்சாரமே போயிற்று. எரிபொருளுக்கும் பேட்டரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் அது. கார்பன் குச்சி எங்கிருந்து வரும்? ஜெனரேட்டர் கிடைத்த வீட்டில் தெருவே கூடி வீடியோவில் படம் பார்த்தது. போர் ஓய்ந்த பிறகு மனோகரா, ராஜா போன்ற பெயர்கள் மறுபடி சுவரொட்டிகளில் வந்தன. சிங்கப்பூரில் குடியேறிய யாழ்ப்பாணத்தார் ஊர் போய்வந்தால் கோயிலுக்கு அடுத்தபடி விசாரிக்கும் விஷயம், எந்தத் தியேட்டர் இருக்கிறது எது இல்லை என்பது.

சிங்கப்பூரில் போர் மூடாத கொட்டகைகளை அமைதிக்காலம் மூடியது. ரெக்ஸ் 1983இல் நின்றுபோனது. பிறகு டிஸ்கோ, பனிச்சறுக்குத் தளம் என்று பல அவதாரம் எடுத்து, 2009இல் தமிழ், இந்திப் படங்களோடு மறுபடி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அது கைக்கெட்டும் கொட்டகையானது. கேப்பிட்டல் 1998இல் மூடி 2015இல் திறந்தது. பழைய கோல்டன் தியேட்டரில் 2014 முதல் நடந்த ‘தி புரொஜெக்டர்’ 2025 ஆகஸ்டில் நின்றது. அடுத்த மாதமே கேத்தே சினிப்ளெக்ஸ் நிறுவனமும் கடையைக் கட்டியது. குண்டு விழவில்லை, கொடி மாறவில்லை. வாடகையும் கைப்பேசியும் போதுமானதாக இருந்தன.

ஓசு எரித்த படம் போய்விட்டது. ஆனால் ஜப்பானியச் செய்திப் படக்காரர்கள் எடுத்த சுருள்கள் தப்பின. பாடாங் மைதான அணிவகுப்பு, போஸ் கையுயர்த்தும் காட்சி, துப்பாக்கி ஏந்திய ஜான்சி ராணிப் படைப் பெண்கள் என ஆண்டுதோறும் தொலைக்காட்சிகள் ஒளிபரப்புவது பெரும்பாலும் அந்தப் பிரச்சார பிலிமைத்தான். கேமரா போஸை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. சில நொடி மட்டும் அந்தப் பெண்களின் அணிவகுப்பின் பக்கம் திரும்புகிறது. அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெண், ரப்பர்த் தோட்டத்தில் பால்வாளி தூக்கிய கையில் இப்போது துப்பாக்கி, தொப்பி கொஞ்சம் பெரிது, கால் ஒரு கணம் தப்பிச் சேர்கிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இன்றைக்கும் சில வீடுகளில் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இது பாட்டியாக இருக்குமோ என்று கைப்பேசித் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.